சிலந்திக்காகவும் அழலாம்!

"சிலந்தி செத்ததுக்கா சாப்பிடாம உட்கார்ந்திருக்கே?"

இந்தக் கேள்வியை நம் வீடுகளில் யாரும் கோபத்தில் கேட்பதில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறார்கள். வீட்டு நாய் போய்விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரிப்பார். பூனை என்றால் அலுவலகத்தில் இரண்டு பேராவது 'அடப் பாவமே' என்பார்கள். கிளி, முயல், வண்ண மீன் வரைக்கும்கூட ஒரு 'த்சொ' உண்டு. ஆனால், கண்ணாடிப் பெட்டியில் ஏழெட்டு வருஷம் வளர்த்த டாரன்டுலா ஒருநாள் காலையில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தால், வளர்த்தவர் அதை யாரிடம் போய்ச் சொல்வது? நம்முடையது ஒட்டடைக் குச்சியோடு சிலந்தியைத் துரத்தும் வீடு ஆயிற்றே!

டாரன்டுலா என்பது உள்ளங்கை அகலத்துக்கு வளரக்கூடிய, உடம்பெல்லாம் ரோமம் கொண்ட பெரிய சிலந்தி. பெருநகரங்களில் இதை ஆசையாக வளர்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். குரைக்காது, முடி கொட்டாது, வாரம் ஒன்றிரண்டு பூச்சி போட்டால் போதும், சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் போதும். வாடகை வீட்டுக்காரர் கண்ணில் படாமலேயே வளர்த்துவிடலாம்! படிக்கும்போதே உங்களில் பலருக்கு உடம்பு கூசும். கூசட்டும், தப்பில்லை. சிலந்தியை எல்லோரும் நேசிக்க வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதை நேசித்த ஒருவர் நம் வீட்டிலேயே இருந்து, அது போன பிறகு தவித்தால் நாம் என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். நாயைப் போல டாரன்டுலா உங்களை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வராது. அது வளர்த்தவர்மேல் பாசம் வைக்கிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிறகு எதற்கு இந்த அழுகை? இத்தனை வருஷமும் பார்த்துப் பார்த்துச் செய்தது நாமல்லவா? ராத்திரி விளக்கணைக்கும் முன் ஒரு பார்வை, வெயில் காலத்தில் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருக்கிறதா என்று ஒரு கவலை, வெளியூர் போனால் தம்பிக்கு ஒரு போன். இப்படியே பழகிப்போன கைக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போகிறது. அந்த வெறுமைக்கு, போன உயிருக்கு எட்டுக் கால்களா நான்கு கால்களா என்ற கணக்கெல்லாம் தெரியாது.

ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989-ல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அழ உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று அதை நம் மொழியில் சொல்லலாம். துக்கம் ஒரு பங்கு என்றால், 'இதுக்கெல்லாமா?' என்ற ஊரின் பார்வை இன்னொரு பங்கு. இரண்டையும் சேர்த்துச் சுமக்கும்போதுதான் மனசு ஒடிகிறது.

இதை அமெரிக்காக்காரர் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. நம் திருவண்ணாமலையிலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது.

மலையடிவாரத்தில் நான்கு சமாதிகள்

கிரிவலப் பாதை 14 கி.மீ. அதில் ஏறக்குறைய பாதி தூரம் நடந்தால் வருவது அடி அண்ணாமலை. கால் வலிக்க ஆரம்பித்து, ஓரமாக உட்கார்ந்து டீ குடிக்கத் தோன்றும் இடம். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் நாலு தெருநாய்கள் வந்து நிற்கும். பிஸ்கட் தீர்ந்த பிறகும் அதில் ஒன்று கொஞ்ச தூரம் கூடவே வரும். இந்த மலையில் அப்படி வழித்துணையாக வந்தே பேர் வாங்கிய நாய் ஒன்று உண்டு. ரமணர் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில் கமலா என்ற நாய், புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மலையைச் சுற்றியுள்ள சந்நிதிகளையும் தீர்த்தங்களையும் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்குமாம். ரமணரின் வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அடி அண்ணாமலைக்கு வருவதற்கு வெகு முன்பே, செங்கம் சாலையில் இருக்கிறது ரமணாசிரமம். உள்ளே மலைப் பக்கமாகப் போனால் வரிசையாகச் சில சின்னச் சமாதிகளைப் பார்க்கலாம். பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி, இவற்றோடு ஒரு காகம். பசு சரி, மான்கூடச் சரி, காகத்துக்கும் ஒரு சமாதியா என்று முதல்முறை பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். நாம் ஜன்னலிலிருந்து 'போ, போ' என்று விரட்டும் அதே காகம்தான்.

லட்சுமியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். என்றாலும் முழுவதுமாகச் சொல்ல வேண்டிய கதை அது. 1926-ல் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பக்தர், ஒரு பசுவையும் அதன் கன்றையும் ரமணரிடம் கொண்டுவந்து விட்டார். அப்போது ஆசிரமத்தில் மாட்டைப் பராமரிக்க வசதி கிடையாது. ஊருக்குள் இருந்த ஒருவர் பொறுப்பேற்றுத் தன் வீட்டுக்கு ஓட்டிப் போனார். அந்தக் கன்றுதான் லட்சுமி. கொஞ்ச நாளில் அது தானாகவே காலையில் ஆசிரமத்துக்கு வந்து, பகலெல்லாம் அங்கேயே இருந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பப் பழகிக்கொண்டது. நேராக ரமணர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய் நிற்கும். அவர் வாழைப்பழம் கொடுப்பார். பிற்பாடு ஆசிரமத்திலேயே கோசாலை கட்டினார்கள். புதுமனை புகுவிழா அன்று அலங்காரம் செய்து நிறுத்தியிருந்த லட்சுமி, நழுவிப்போய் ரமணர் முன்னால் படுத்துக்கொண்டதாம். அவர் எழுந்து கூட வந்த பிறகுதான் அது கோசாலைக்குள் அடியெடுத்து வைத்தது என்பார்கள்.

இருபத்திரண்டு வருஷங்கள் ஓடின. 1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை. லட்சுமிக்கு முடியவில்லை என்று தெரிந்து ரமணர் கோசாலைக்கே போனார். பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். 1922-ல் தன் தாய் அழகம்மாளின் கடைசி நேரத்தில் எப்படித் தலையிலும் நெஞ்சிலும் கை வைத்துக் கூடவே இருந்தாரோ, அதே மாதிரி. அப்போது அவருக்கு வயது 68, அவருக்கும் உடம்பு அவ்வளவு திடமாக இல்லாத காலம். லட்சுமியின் உயிர் பிரிந்த பிறகு முறைப்படி நீராட்டி, மஞ்சள் குங்குமம் இட்டு, பட்டுப் போர்த்தி அடக்கம் செய்தார்கள். சர்வதாரி வருஷம், ஆனி மாசம், வளர்பிறை துவாதசி, விசாகம் என்று நாளையும் நட்சத்திரத்தையும் குறித்து ரமணரே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். மனிதர்களுக்குத் திதி குறித்து வைக்கிறோமே, அந்த முறையில். ஆசிரமத்தில் அப்போது இருந்த சூரி நாகம்மா, தன் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் இந்த நாளை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார்.

லட்சுமிக்கு ஆன்மிக ரீதியாக என்ன கிடைத்தது என்பது அவரவர் நம்பிக்கை. எனக்கு இதில் பெரிதாகப்படுவது வேறு. உலகமே பெரிய ஞானி என்று கொண்டாடியவர், ஒரு மாட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் தலையைப் பிடித்துக்கொள்வதற்கு யோசிக்கவில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வள்ளி என்ற மானுக்கும் கடைசி நேரத்தில் அவர் இப்படித்தான் துணை இருந்தார்.

'அது' இல்லை, 'அவள்'

ஆஸ்பர்ன் இன்னொன்றும் கவனித்து எழுதியிருக்கிறார். ரமணர் எந்த மிருகத்தையும் 'அது' என்று சொல்ல மாட்டாராம். 'அவன்', 'அவள்'தான். நாய்களுக்குச் சோறு வைத்தாயிற்றா என்று கேட்க நினைத்தால், பையன்களுக்கு ஆயிற்றா என்பாராம்.

அஃறிணையை இப்படி அழைக்கலாமா என்று தமிழாசிரியரைக் கேட்டுப் பாருங்கள். தாராளமாக அழைக்கலாம் என்பார். அதற்குப் பேர்கூட வைத்திருக்கிறார்கள், திணை வழுவமைதி. உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டச் சொல்லுங்கள். பசுமாட்டை அம்மையாகப் பாவித்து 'வந்தாள்' என்பதைத்தான் உதாரணமாகக் கொடுத்திருப்பார்கள். இலக்கணப்படி பிழைதான். ஆனால் உவப்பினால், அதாவது மகிழ்ச்சியினால், அன்பினால் சொல்லும்போது பிழை இல்லை என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இலக்கணக்காரர்களே விட்டுக்கொடுத்திருக்கும்போது நாம் எதற்கு முறைக்க வேண்டும்? டாரன்டுலா வளர்த்த பெண் 'அவ போயிட்டா' என்று சொன்னால், 'யாரு? அந்தப் பூச்சியா?' என்று திருத்தப் போகாதீர்கள்.

இதே திருவண்ணாமலையில் 2018 மார்ச்சில் அருணாசலேஸ்வரர் கோயில் யானை ருக்கு இறந்தபோது ஊரே திரண்டது. மாலைகள் குவிந்தன. கண்ணீர் விட்டவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. 2022 நவம்பரில் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி போனபோதும் அப்படித்தான், ஆயிரக்கணக்கானவர்கள் கடைசி ஊர்வலத்தில் நடந்தார்கள். மதுரைப் பக்கம் கோயில் காளை செத்தால் மேளம் வைத்து, மாலை போட்டு, மனிதருக்குச் செய்வதையெல்லாம் செய்து புதைப்பார்கள். ஆக, மிருகத்துக்கு அழுவது நமக்குப் புதிதில்லை. உருவம் சிறுத்தால் மட்டும் ஏனோ கை விட்டுவிடுகிறோம்.

ஆனால் நம் புராணம் கை விடவில்லை. திருவானைக்காவல் கதையை நினைத்துப் பாருங்கள். வெண்நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின்மேல் சருகு விழாமல் சிலந்தி வலை பின்னியது. யானை அதை அசுத்தம் என்று நினைத்து அழித்தது. சண்டை முற்றி, சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மடிந்தன. அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது என்பது கதை. அறுபத்து மூவரில் ஒருவராக அவரைக் கும்பிடுகிறோம். காளஹஸ்தியிலும் பாம்பு, யானையோடு சிலந்திக்கு இடம் உண்டு. பாட்டிக்குச் சிலந்திக்காக அழும் பேரனைப் புரியவில்லை என்றால் இந்தக் கதையை எடுத்துவிடுங்கள். எந்த உளவியல் விளக்கத்தையும்விட இது சீக்கிரம் வேலை செய்யும்!

செத்துவிட்டதா, சட்டை உரிக்கிறதா?

கொஞ்சம் நடைமுறை விஷயங்கள். டாரன்டுலா வளர்ப்பவர்கள் வீட்டில் பாதி அழுகை அவசர அழுகைதான். மல்லாந்து கிடப்பதைப் பார்த்ததும் 'போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாம்பு சட்டை உரிப்பதைப் போல டாரன்டுலாவும் தோல் உரிக்கும். அப்போது அது மல்லாந்துதான் படுக்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, சில சமயம் மாதக்கணக்கில், இரை எடுக்காது. உரித்து முடிக்கச் சில மணி நேரம் ஆகலாம். அப்போது தொட்டுப் பார்ப்பதோ, புரட்டிவிடுவதோ அதன் உயிருக்கே ஆபத்து. பெரிய சிலந்தி என்றால் ஒருநாள் முழுக்கப் பொறுத்திருந்து பாருங்கள். மறுநாள் பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒன்று வெறும் சட்டை.

உண்மையான மரணம் வேறு மாதிரி இருக்கும். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. நீட்டுவதற்கோ பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம்தான் உதவுகிறது. உயிர் போனால் அழுத்தம் குறைந்து, கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டுவிடும். வீட்டு மூலையில் செத்துக் கிடக்கும் சாதாரணச் சிலந்தியும் கையை மூடின மாதிரிச் சுருங்கிக் கிடப்பது இதனால்தான். கால் சுருளும் நிலையிலும் சில நேரம் நீர் வறட்சிதான் காரணமாக இருக்கும். ஆழமில்லாத தண்ணீர்த் தட்டின் ஓரத்தில் வாய்ப் பக்கம் படும்படி மெதுவாக வைத்தால் தேறிக்கொள்வதும் உண்டு. சுவாச உறுப்பு வயிற்றின் அடிப்பக்கம் இருப்பதால் வயிறு தண்ணீரில் முங்கக் கூடாது.

ஆணா பெண்ணா என்பதும் முக்கியம். சில இனங்களில் பெண் 20 வருஷங்களைத் தாண்டியும் வாழும், நம் லட்சுமிப் பசுவின் ஆயுசு! ஆணோ பருவத்துக்கு வந்த பிறகு சில மாதங்களோ, ஒன்றிரண்டு வருஷங்களோதான். கடையில் வாங்கும்போது இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நன்றாக இருந்தது திடீரென்று போய்விட்டதே, நான் என்ன தப்பு செய்தேன் என்று மண்டையைக் குடைந்துகொள்ளும் பலருக்கு விடை இவ்வளவுதான். அதன் காலம் முடிந்தது.

நான் கவனமாக இருந்திருந்தால்...

காலம் முடிந்து போனால் மனம் ஆறிவிடும். நம் கையால் நடந்துவிட்டது என்றால்தான் ஆறாது. பெட்டியைத் திறந்து கையில் எடுத்தபோது தவறி விழுந்து வயிறு கிழிந்துவிட்டது. கரப்பான் மருந்து அடித்தது பக்கத்து அறையில்தான், ஆனாலும் காற்று வந்துவிட்டது. மருந்து அடித்த இடத்திலிருந்து பிடித்த பூச்சியையே இரையாகப் போட்டாயிற்று. இப்படி ஏதாவது ஒன்று. துக்கத்தைவிட இந்தக் குற்ற உணர்ச்சிதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

திருவண்ணாமலையில் இதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. ரமணர் மலையில் நடந்து போனபோது அவர் கால் ஒரு புதரில் இருந்த குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. குளவிகள் பாய்ந்து அந்தக் காலையே கொட்டித் தீர்த்தன. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கூட்டைக் கலைத்த கால் அதுதானே என்று, அவை ஓயும் வரை அப்படியே நின்றார். தெரியாமல் நடந்ததற்கு எதற்கு இந்த வருத்தம் என்று பிற்பாடு கவிஞர் முருகனார் பாட்டாகவே கேட்டார். தெரியாமல் நடந்ததுதான், ஆனாலும் வருந்தக்கூட இல்லை என்றால் அது என்ன மனம் என்கிற பொருளில் ரமணர் பதில் பாட்டு எழுதினார்.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் வருத்தத்தை ஒதுக்கித் தள்ளவில்லை என்பதுதான். 'உன் தப்பு ஒண்ணுமே இல்ல, விடு' என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். கேட்பவருக்கு அது ஒட்டுவதில்லை, நடந்தது அவருக்குத் தெரியுமே. 'வேணும்னு செஞ்சது இல்ல. ஆனா உனக்கு வருத்தம் இருக்கும், எனக்குத் தெரியுது' என்று சொல்லிப் பாருங்கள். முகம் கொஞ்சம் தளரும். ஆனால் குளவிகள் ஓய்ந்ததும் ரமணர் நடையைத் தொடர்ந்தார், ஆயுள் முழுக்க அந்தப் புதரிலேயே நிற்கவில்லை. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிலந்திக்கு உலகமே இரங்கியபோது

சிலந்திக்காக வருந்துவது நம் வீட்டுப் பிள்ளையின் தனிப் பைத்தியம் என்று நினைத்தால், ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மேற்கு மாநிலத்தின் கோதுமை வயல்கள் சூழ்ந்த ஒரு சின்னக் காப்புக்காட்டில், பார்பரா யார்க் மெய்ன் என்ற விஞ்ஞானி 1974-ல் பொறிக்கதவுச் சிலந்திகளைக் கவனிக்க ஆரம்பித்தார். டாரன்டுலாவுக்குத் தூரத்துச் சொந்தம் இவை. மண்ணில் வளை தோண்டி, வாசலுக்குக் கதவு போட்டுக்கொண்டு குடியிருக்கும். ஒவ்வொரு வளைக்கும் ஓர் எண் கொடுத்தார். அதில் 16-ஆம் எண்காரி, கடைசி வரை அந்த ஒரே வளையில் வாழ்ந்தாள். பார்பராவுக்கு வயதாக ஆக, அவருக்குப் பின்னால் வந்த ஆய்வாளர்களும் வருஷா வருஷம் போய் எட்டிப் பார்த்தார்கள். 2016 அக்டோபரில் லியாண்டா மேசன் போனபோது வளையின் கதவில் ஓட்டை. ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. உள்ளே சிலந்தி இல்லை.

வயது 43. அதற்கு முன் பதிவாகியிருந்த சாதனை, மெக்ஸிகோ டாரன்டுலா ஒன்றின் 28 வருஷம்தான். 2018-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானதும் உலகப் பத்திரிகைகள் எல்லாம் கிட்டத்தட்ட இரங்கல் செய்தி போலவே எழுதின. சாதனை முறியடிக்கப்பட்டதில் மகிழ்ச்சியைவிட, அவள் 50-ஐத் தொடவில்லையே என்ற வருத்தம்தான் அதிகம் என்கிற மாதிரி மேசன் பேசியிருந்தார். அது வளர்ப்புப் பிராணிகூடக் கிடையாது. யாரும் தொட்டதில்லை, பேர்கூட வைக்கவில்லை, வெறும் எண். அதற்கே அப்படி.

இனி என்ன செய்யலாம்?

உடலை அவசர அவசரமாகக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாதீர்கள். முக்கியமாக, வளர்த்தவருக்குத் தெரியாமல் செய்யவே செய்யாதீர்கள். அந்தக் கோபம் பல வருஷம் தீராது. ஒரு சின்ன டப்பா, ஒரு பூந்தொட்டி போதும். அபார்ட்மென்ட் பால்கனியிலேயே அடக்கம் செய்யலாம். அதன்மேல் ஒரு செடி வையுங்கள். அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பு உண்டாக்கும் ரோமம் உண்டு, செத்த பிறகும் அரிக்கும். அதனால் கையுறை போட்டுக்கொண்டு எடுக்கவும், கண்ணைத் தேய்க்காதீர்கள். வளர்க்கும்போது உரித்த சட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்தால் அவைதான் இப்போது பொக்கிஷம். ஒவ்வொன்றும் ஓர் அளவில் இருக்கும், குழந்தையின் பழைய செருப்புகளை அடுக்கி வைத்த மாதிரி.

வளர்த்தது பிள்ளை என்றால் 'ஊருக்குப் போயிருக்கு', 'தூங்குது' என்றெல்லாம் பூசி மெழுக வேண்டாம். 'செத்துப்போச்சு' என்றே சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொல்லி வைத்தால், அன்று ராத்திரி அப்பா தூங்கும்போது பிள்ளை எழுந்து எழுந்து பார்க்கும். அதே நிறத்தில், அதே அளவில் வேறொன்றை வாங்கி ரகசியமாகப் பெட்டியில் வைப்பதும் வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அடக்கம் செய்யும்போது பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். பேரும் தேதியும் எழுதி ஒரு கல்லையோ ஐஸ் குச்சியையோ நட விரும்பினால் நடட்டும்.

காலிப் பெட்டியை உடனே ஓ.எல்.எக்ஸில் போட வேண்டிய அவசரம் இல்லை. மறுநாளே இன்னொரு சிலந்தி வாங்க வேண்டும் என்பதும் இல்லை. தோன்றினால் சில மாதங்கள் கழித்து யோசிக்கலாம். வாங்குவதாக இருந்தால், காட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவந்ததை ஒருநாளும் வாங்காதீர்கள். நம் ராமேஸ்வரத்தில் ஒரு டாரன்டுலா உண்டு. அங்குள்ள அனுமன் கோயில் ஒன்றின் பேரை வைத்து 2004-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். அதுவும், ஆந்திரத்துக் காடுகளில் இருக்கும் நீல நிற டாரன்டுலாவும் அழிவின் விளிம்பில் இருக்கின்றன. சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வரும் இனங்களை வளர்ப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. அப்படிப் பதிவு செய்திருந்தால் இறப்பையும் தெரிவிக்க வேண்டும். துக்கத்தில் இது மறந்துபோகும், கூட இருப்பவர்கள் ஞாபகப்படுத்துங்கள்.

பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் கனம் குறைந்துவிடும். சாப்பாடும் தூக்கமும் திரும்பவே இல்லை, வேலைக்குப் போகவே மனமில்லை, முன்பு இருந்த வேறொரு பெரிய துக்கம் இதோடு சேர்ந்து கிளம்பிவிட்டது என்றால் பேச ஆள் தேவை. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. 'சிலந்தி செத்துப்போச்சு' என்று ஆரம்பிக்கத் தயக்கமாக இருந்தால், 'வளர்த்த உயிர் ஒண்ணு போயிடுச்சு' என்று ஆரம்பியுங்கள்.

கூட இருக்கும் நமக்கு என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், பேர் என்ன வைத்திருந்தாய் என்று கேளுங்கள். எப்போது வாங்கியது, முதல் சட்டை எப்போது உரித்தது, எந்தப் பூச்சி பிடிக்கும் என்று அடுத்தடுத்து அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும் நேரம்தான் ஆகும். உங்களுக்கு உடம்பு கூசினால், போட்டோவை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.